கழற்றத்தக்கதும் கழற்றப்படாததும்: மலிவு டூ-இன்-ஒன் குறித்து ஒரு தத்துவ விசாரணை

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், பதினைந்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் விற்ற டூ-இன்-ஒன் கணினி ஒன்றா, இரண்டா என்னும் ஐயத்தை அறுத்தல் நுதலிற்று. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் 10.1 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் சிப், 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு கீபோர்டு ஆகியவற்றால் ஆனது. தயாரித்த கம்பெனியின் பெயரைச் சொல்வது ஆய்வு அறமாகாது. சொல்லியும் பயனில்லை, அப்படி ஒரு மாடல் தங்களிடம் இருந்ததாக அதன் சர்வீஸ் சென்டருக்கே ஞாபகம் இல்லை.

முன்னோர் கருத்தை முதலில் பார்த்துவிடுவது மரபு. 2001 நவம்பரில் லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் டேப்லெட் பிசியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஐந்தாண்டில் அமெரிக்காவில் அதிகம் விற்கப்போகும் கணினி வகை இதுதான் என்று பில் கேட்ஸ் ஆரூடம் சொன்னார். மறு ஆண்டே காம்பாக் டிசி1000 வந்தது. அதன் கீபோர்டைக் கழற்றிவிடலாம். ஐந்தாண்டும் போனது, ஆரூடம் பலிக்கவில்லை. 2012 ஏப்ரலில் ஆப்பிளின் டிம் குக் எதிர்க்கட்சி வாதத்தை வைத்தார்: டோஸ்டரையும் ஃப்ரிட்ஜையும்கூட ஒன்றாக்கிவிடலாம், ஆனால் வாங்குகிறவருக்கு அது பிடிக்காது என்று. இரண்டே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் என்ற டூ-இன்-ஒன்னை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், தேங்கிக் கிடந்த சர்ஃபேஸ் ஆர்டி சரக்குக்காக 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. குக் சொன்னது சரிதான் என்று முடிவு கட்டலாமென்றால், 2015இல் ஆப்பிளே ஐபேட் ப்ரோவுக்கென்று ஒரு ஒட்டு கீபோர்டை, தனி விலை வைத்து, விற்க ஆரம்பித்தது. டோஸ்டரும் ஃப்ரிட்ஜும் மணமுடித்தன; சீர்வரிசை மட்டும் வாங்குகிறவர் செலவு.

இவையெல்லாம் சீமான் வீட்டுச் சமாசாரம். நம் மலிவுப் பரம்பரையின் மூலவர் 2013இல் வந்த ஆசஸ் டிரான்ஸ்ஃபார்மர் புக் டி100. விலை 349 டாலர், கீபோர்டும் சேர்த்து. 2014இல் மலிவுக் கருவிகளுக்கென்றே விண்டோஸ் 8.1 வித் பிங் என்ற பதிப்பை மைக்ரோசாஃப்ட் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்ததும் அந்த மூலவருக்கு ஊருக்கு ஊர் உற்சவர்கள் கிளம்பிவிட்டார்கள். நம் ஆய்வுப் பொருள் அவர்களில் ஒருவர்.

இனி ஒன்றா இரண்டா என்ற கேள்வி. விற்பனைக்குக் கடையில் நிற்கும் தம்பி சுத்த அத்வைதி. "ஒரே பீஸ் சார்" என்பார். இரண்டாகத் தெரிவது பார்ப்பவர் அறியாமை. பெட்டிக்குள் இருக்கும் வாரண்டி அட்டை மத்வர் பக்கம்: டேப் வேறு, கீபோர்டு வேறு, கீபோர்டு வெறும் துணைப் பொருள், அதற்கு வாரண்டி நாள் குறைவு, இரண்டும் எக்காலத்தும் ஒன்றாகா. பலநாள் பழகியவர்கள் கடைசியில் வந்து சேர்வது ராமானுஜரிடம்தான். டேப் உயிர், கீபோர்டு உடல். உடலுக்கென்று தனி இருப்புக் கிடையாது. கழற்றிய கீபோர்டில் பேட்டரி இல்லை, ப்ளூடூத் இல்லை. விளிம்பில் இருக்கும் சில பித்தளை நிறப் புள்ளிகள் டேப்பின் புள்ளிகளைத் தொட்டால்தான் அதற்குச் சுவாசமே ஓடுகிறது.

ராமானுஜர் வரை போனால் வடகலை, தென்கலைக்குப் போகாமல் திரும்ப முடியுமா? வடகலையின் குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையின் பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். ஆசஸ் டி100 பூனை நெறி. அதன் கீபோர்டு இரண்டு கொக்கிகளால் டேப்பைக் கவ்விப் பிடிக்கும். பொத்தானை அழுத்தினால்தான் விடும். காந்த வகையோ முழுக்க முழுக்கக் குரங்கு நெறி. டேப்பை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் கீபோர்டு தன் முயற்சியால் தொங்கிக்கொண்டு வர வேண்டும். ஹாலிலிருந்து சமையலறை வாசல் வரை தொங்கி வரும். நிலைப்படி தாண்டும் அதிர்ச்சியில் பக்தி தளர்ந்துவிடும்.

அடுத்தது மடி. ஆய்வின் மையச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. சாதாரண லேப்டாப்பில் பேட்டரி, போர்டு எல்லாம் கீழ்த்தளத்தில். திரை வெறும் இறகு. டூ-இன்-ஒன்னில் எல்லாமே திரைக்குப் பின்னால். எனவே இயற்கை விதிப்படி அது பின்பக்கம் சாய விரும்புகிறது. இதைத் தடுக்க டி100இல் ஒரு வழி செய்தார்கள்: டேப் 550 கிராம், கீபோர்டோடு சேர்த்து 1.07 கிலோ. அதாவது கீபோர்டும் ஏறக்குறைய டேப் அளவு கனம். தட்டச்சு செய்ய அவ்வளவு எடை தேவையில்லை; விழாமலிருக்கத் தேவை. அதையும் மிச்சம் பிடித்த கம்பெனிகள் கீபோர்டை அப்பளமாக்கி, டேப்பின் முதுகில் ஒரு மடக்குக் காலை வைத்தன. இந்தக் காலுக்கு மேஜை வேண்டும். தொடை மேஜை அல்ல. லுங்கி கட்டிய தொடையில் அந்தக் காலின் கூர்மையான விளிம்பு அரை மணி நேரத்தில் ஒரு நேர்கோடு போட்டுவிடும். எழுந்த பிறகும் அது சிவப்பாக அங்கேயே இருக்கும். வைகை எக்ஸ்பிரஸ் சேர் காரில் முன் சீட்டின் முதுகிலிருந்து விரியும் தட்டில் கீபோர்டை வைத்தால் காலுக்கு இடமில்லை, காலை வைத்தால் கீபோர்டின் பாதி நம் வயிற்றின் மேல். 2014இல் சர்ஃபேஸ் ப்ரோ 3ஐ வெளியிட்ட மேடையிலேயே, மடியில் நிற்குமா என்பதை ஒரு தனித் தகுதியாகவே மைக்ரோசாஃப்ட் பேச வேண்டிவந்தது. பெரிய இடத்திலும் தொடை வலித்திருக்கிறது.

தமிழில் எழுதுகிறவனுக்குத் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. இதை மேனாட்டு விமர்சகர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் உயிரெழுத்து இடக்கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலக்கைக்கு. ஆங்கிலத்தில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு என்று ஓரத்தில் சும்மா கிடக்கும் விசைகளில்தான் ச, ஞ, ந, ய, ழ குடியிருக்கின்றன. பத்து அங்குல அகலத்துக்குள் கீபோர்டை அடக்க நினைக்கிறவர் முதலில் கை வைப்பது அந்த வலது ஓரத்தில்தான். ஆங்கிலேயருக்கு அதில் நட்டமில்லை. அரைப்புள்ளி போடாமல் அவர் ஆயுள் முழுக்க இருந்துவிடுவார். நாம் யகரம் இல்லாமல் ஒரு 'ஐயா' சொல்ல முடியாது. ழகரத்தின் கதி இன்னும் மோசம். சாய்கோட்டு விசையை அரைவாசியாக்கி, அதை ஒட்டி மேல் அம்புக்குறியைச் செருகியிருக்கிறார்கள். 'தமிழ்' என்று அடிக்க வேகமாகப் போகும் சுண்டு விரல் அம்புக்குறியில் விழுகிறது. கர்சர் மேல் வரிக்குப் போய்விட, 'தமி' இங்கும் புள்ளி மேல் வரியில் எங்கோ ஒரு நல்ல சொல்லின் நடுவிலும் விழுகின்றன. இந்தக் கருவியில் எழுதப்பட்ட கட்டுரைகளில் காரணமில்லாத புள்ளிகளைக் காணும் வருங்கால ஆய்வாளர்கள், இருபத்தொன்றாம் நூற்றாண்டில் நடந்த எழுத்துச் சீர்திருத்தம் என்று மயங்கிவிடக் கூடாது.

32 ஜிபி சேமிப்பு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. விண்டோஸ் கணக்கில் அது 29 சொச்சம். அதிலும் பெரும்பங்கு விண்டோஸுக்கே. அந்த விண்டோஸ், ஆதரவு இருந்த வரை, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பெரிய அப்டேட் வாங்கிக்கொள்ள இடம் கேட்கும். அடைத்துக்கொண்டிருப்பதும் தானே, இடமில்லை என்று முறையிடுவதும் தானே. வேண்டுமானால் ஒரு பென் டிரைவைச் செருகுங்கள் என்று யோசனையும் சொல்லும். ஆய்வுப் பொருளில் இருப்பது ஒரே ஒரு மைக்ரோ யூஎஸ்பி துளை. அதில் ஓடிஜி ஒயர், ஒயரில் பென் டிரைவ். அப்டேட் பாதி போனதும் பேட்டரி குறைவு, சார்ஜரை மாட்டுங்கள் என்று அறிவிப்பு வரும். சார்ஜருக்கும் அதே துளை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு, ஆய்வுப் பொருளில் இருக்கும் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் வேண்டும். இதற்கு அந்தப் பிராப்தம் இல்லை. ஆக, அப்டேட் என்னும் பிறவிச் சுழலிலிருந்து ஆய்வுப் பொருளுக்கு விடுதலை கிடைத்தது. மூன்று மதத்தாரும் வெவ்வேறு வழியில் தேடிய மோட்சம், இதற்கு ராம் பற்றாக்குறையால் சித்தித்தது.

இப்போது கழற்றுதலுக்கு வருவோம். கள ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது, இதை யாரும் கழற்றுவதில்லை என்பது. கழற்றினால் டேப்லெட் முறைக்கு மாறட்டுமா என்று விண்டோஸ் 10 கேட்கும். அதற்குப் பதில் சொல்வதற்குள் திரை ஒருமுறை பக்கவாட்டிலும் ஒருமுறை தலைகீழாகவும் திரும்பிப் பார்க்கும். அதற்குள் வீட்டுப் பையன் டேப்பைக் கொண்டுபோய்விடுவான். கீபோர்டு ஃப்ரிட்ஜின் தலையில் மின்கட்டண ரசீதுகளுக்குப் பாரமாக உட்காரும். எனவே விவரமறிந்தவர்கள் கழற்றுவதே இல்லை. ஒரேயொரு சடங்கு விதிவிலக்கு: விருந்தினர் முன்னிலை.

"மாப்ளே, இது தனியா வந்துருமாமே?"

"வரும் மாமா."

"எங்க, கழட்டுங்க பாப்போம்."

'டக்' என்று ஒரு சத்தம். மாமா இரண்டு கையிலும் இரண்டையும் வாங்கி எடை பார்த்தார், கீபோர்டின் அடியைத் திருப்பிப் பார்த்தார், காந்தத்தில் தன் மோதிரத்தை வைத்துப் பார்த்தார். தங்கம் ஒட்டாததில் அவருக்குத் திருப்தி.

"சரி, கழட்டி என்ன பண்ணுவீங்க?"

"மாட்டிருவேன் மாமா."

இதைவிடச் சுருக்கமாக ஆய்வு முடிவைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வாங்குகிறவர் காசு கொடுப்பது கழற்றுவதற்கல்ல, கழற்றலாம் என்ற உரிமைக்கு. உரிமையைப் பயன்படுத்துவது வேறு துறை. அதே காசுக்குக் கழலாத லேப்டாப் இதைவிட நல்ல கீபோர்டோடு கிடைக்கும் என்று மாமாவின் மகனே எடுத்துச் சொன்னான். ஆனால் அதில் 'டக்' இல்லை.

பின்சேர்க்கை ஒன்று. புள்ளிகளில் வியர்வை படிந்து பச்சை பூத்து, கீபோர்டின் சுவாசம் விட்டுவிட்டு ஓடியது. ரப்பரால் தேய்த்தால் ஒரு வாரம் தாங்கும். பிறகு அதுவும் நின்றது. சென்னை ரிச்சி தெருவில் படியேறி இறங்கி விசாரித்ததில், "கீபோர்டு மட்டும் வராது சார், செட்டாத்தான் வரும்" என்று எல்லாக் கடையிலும் ஒரே அத்வைத பதில். கடைசிக் கடைக்காரர் இரக்கப்பட்டு, மேஜைக் கணினிக்கான ஒயர் வைத்த யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைக் கொடுத்தார். டேப்பைவிட இரண்டு பங்கு நீளம். ஓடிஜி ஒயரில் மாட்டியதும் வேலை செய்தது. சாய்கோட்டு விசை முழு அகலம், ழகரம் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. என்ன, துளை ஒன்றுதான். சார்ஜ் ஏற்ற வேண்டுமானால் கீபோர்டைக் கழற்றியாக வேண்டும், எழுத வேண்டுமானால் சார்ஜரைக் கழற்றியாக வேண்டும். டூ-இன்-ஒன்னாக இருந்த காலமெல்லாம் கழற்றப்படாத கீபோர்டு, இப்போது காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை கழல்கிறது.