பெரிய வீட்டுக்காரர்

மைசூரு தேவராஜ மொஹல்லாவில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் புலம்பல்தான். குழாய் ஒழுகுகிறது, மாடிச் சுவரில் ஓதம், வாடகை மட்டும் மாதக் கடைசியில். அந்த வட்டாரத்தின் பெரிய வீட்டுக்காரரை அவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. மாநகராட்சிதான். நூறாண்டு தாண்டிய தேவராஜ மார்க்கெட்டில் நூற்றுக்கணக்கான கடைக்காரர்கள் அதற்குக் குடித்தனம்.

வழக்கமாக வாடகைக்குக் குடியிருப்பவர் “விழப்போகுது சார்” என்பார். சொந்தக்காரர் “அதெல்லாம் இன்னும் அம்பது வருஷம் தாங்கும்” என்பார். இங்கே வசனம் இடம் மாறிவிட்டது. 2016 ஆகஸ்டில் மார்க்கெட்டின் வடக்கு வாசல் பக்கம் சரிந்தபின், சொந்தக்காரர் இடித்துக் கட்டலாம் என்கிறார். வாடகைக்காரர்கள் பழுது பார்த்தால் போதும் என்கிறார்கள். காரணம் இருக்கிறது. பக்கத்து லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012இல் இடிந்து நால்வர் இறந்தார்கள், கடைகள் காலியாயின. காலி செய்தவர் திரும்பி வரும் தேதியை எந்த ஒப்பந்தத்திலும் எழுதுவதில்லை. நடுவில் வல்லுநர் குழுக்கள், பாரம்பரிய ஆர்வலர்கள், நீதிமன்றம். அறிக்கைக்குக் குறைவில்லை, காரை பூசத்தான் ஆளில்லை.

சின்ன வீட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்களல்ல. வாடகை வருமானத்தில் வருமான வரிச் சட்டம் 30 சதவீதத்தைக் கழித்துவிடுகிறது. பழுதுக்குச் செலவழித்தீர்களா என்று கேட்பதில்லை. கேட்காததால் செலவழிப்பதுமில்லை.

வாடகைக்கு விடவென்று வீடு வாங்கும் எண்ணமிருந்தால், முதலில் அந்த மார்க்கெட்டில் மைசூரு மல்லிகை வாங்குங்கள். ஒரு கண் கூரைமேல் இருக்கட்டும்.