நெரிசல் வேண்டி விண்ணப்பம்

கோயம்புத்தூரில் சிக்னல்களை எடுத்துவிட்டு யூ-டர்ன் போட்டபோது ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். அப்போது என் காரில் பழைய கிளட்ச் இருந்தது.

கார், போலோ ஒரு லிட்டர் டிஎஸ்ஐ, ஆறு கியர், செகண்ட் ஹேண்ட். கம்பெனியிலிருந்து வரும்போதே 110 குதிரைசக்தி, 175 நியூட்டன் மீட்டர் டார்க். அது போதாது, இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து இன்னும் ஏற்றியே தீரவேண்டும் என்கிற வியாதிக்கு இதுவரை மருந்து இல்லை. ட்யூனர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் முள் எழும்புகிறது, வண்டி எழும்பவில்லை. கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது. இடது காலைக் கிளட்ச் பெடலிலேயே குடிவைத்திருந்த புண்ணியவான், முந்தைய ஓனர்.

"இதுக்கு மேல டார்க் ஏத்துனா பிளேட் புகைஞ்சிருமுங்க. டைனோல ஏத்துனாலும் கிராஃப் பொய்தான் சொல்லும். புதுசு போட்டு, செட் பண்ணிட்டு வாங்க" என்றார் ட்யூனர்.

மெக்கானிக் அண்ணன் கியர்பாக்ஸை இறக்கினார். புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமலிருக்கக் கம்பெனிக்காரர்கள் பூசியிருந்த எண்ணெயை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தார். பளபளவென்றிருந்த கிளட்ச் பிளேட்டை ஆசையாகத் தொடப்போனேன். கையைத் தட்டிவிட்டார். எண்ணெய்க் கை பட்டால் பிளேட் பிடிக்கும்போது வண்டி உதறுமாம்.

"800 கிலோமீட்டர் புதுச் சம்பந்தி வீட்டுக்குப் போன மாதிரி நடந்துக்கங்க. அதுவும் டவுனுக்குள்ள. ஹைவே கணக்குல வராதுங்க."

ஏன் என்று கேட்டால் நியாயமாகத்தான் சொன்னார். பார்க்கத்தான் மழமழவென்று இருக்கும்; புது பிளேட்டும் ஃபிளைவீலும் முதலில் அங்கங்கே மேடு பட்ட இடத்தில் மட்டும்தான் ஒட்டும். விட்டு விட்டுப் பிடித்து, லேசாகத் தேய்ந்து, முழுப்பரப்பும் படிய வேண்டும். அதற்குள் ஃபுல் த்ராட்டில் கொடுத்தால் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் பிளேட்டின் முகம் கண்ணாடியாகிவிடும். அப்புறம் எப்போதுமே பிடிக்காது.

சேலம் போய்வந்தால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே நாளில் முடிந்துவிடுமே என்ற என் குறுக்குப் புத்தியும் அத்தோடு அடிபட்டது. ஆறாவது கியரில் போகிறவனுக்கு விஜயமங்கலம் டோல்கேட்டும் வைகுந்தம் டோல்கேட்டும் வந்தால்தான் கிளட்ச் ஞாபகமே வரும்.

ஆக, ஊரிலேயே வேகமாகப் போக ஆசைப்பட்டவன் நெரிசல் தேடி அலையும்படி ஆயிற்று. எங்கே இருக்கிறது நெரிசல்? அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பெயரில் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டித் திறந்துவிட்டார்கள். உக்கடத்திலும் மேம்பாலம். மக்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து என் கிளட்சின் வயிற்றில் அடித்துவிட்டார்கள். ஊர் மேலே பறக்க, நான் கீழே தூண் தூணாக நின்று நின்று போனேன்.

ஒப்பணக்கார வீதிதான் கைவிடவில்லை. தீபாவளிக்கு முந்தைய வார சாயங்காலம் டவுன்ஹாலிலிருந்து உள்ளே நுழைந்தால் அது கிளட்சுகளின் குருகுலம். ஆனால் ஹாஃப் கிளட்சில் ஊரக்கூடாது, அது வேறு சூடு. முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, பெடலை முழுசாக எடுத்து, நாலடி ஓட்டி, மறுபடி நிற்க வேண்டும். நம் ஊரில் முன்னால் இடம் விடுவதா? நான் விட்ட இடத்தில் ஓர் ஆட்டோ, இரண்டு ஸ்கூட்டர், ஒரு கரும்புச்சாறு வண்டி குடியேறின. பின்னாலிருந்த டவுன் பஸ் டிரைவர் ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரித்தார்.

வீட்டில் என் பெயர் ஏறிக்கொண்டே போனது. பூ மார்க்கெட், பேரூர் கோயில், அத்தையின் கண் டாக்டர் என்று யார் கூப்பிட்டாலும் சாவியோடு நின்றேன். எந்தக் கடைக்கும் கூட்டமான நேரத்தில்தான் போவது என்ற என் பிடிவாதம்தான் அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பா ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"கண்ணு, வேலை கீது போயிருச்சா?"

800 கிலோமீட்டர் கணக்கு முடிந்து போனபோது ட்யூனர் வண்டியை எடுத்துப் போய், மேல் கியரில் அழுத்தி மிதித்துப் பார்த்தார். முள்ளும் வண்டியும் ஒன்றாக ஏறின. டைனோவில் ஏற்றினார், கிராஃபும் உண்மை பேசியது. ரீமேப் ஆயிற்று. ரோட்டுக்கு வந்து முதல் கியரில் ஒரு மிதி மிதித்தேன். கிளட்ச் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. முன் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே கிறீச்சிட்டன.

"கிளட்ச் அருமைங்க. இனி டயர்தான் தாங்காது, மாத்திருங்க" என்றார் ட்யூனர்.

மாற்றினேன். டயர்க்கடைக்காரர் பில்லை நீட்டிக்கொண்டே சொன்னார்: "மேல மழமழப்பு போற வரைக்கும், ஒரு 300 கிலோமீட்டர், மெதுவாப் போங்க தம்பி."