இன்னும் மக்கலை

ஆடி பிறந்துவிட்டது. கத்திரிக்கும் வெண்டைக்கும் பாத்தி தயார் செய்வது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று சாயங்காலம் சகலை வந்தார். காபி கலந்து கொண்டுவருவதற்குள் கொல்லைக்குப் போய், எருக் குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து, ஃபில்டர் காபிப் பொடி மாதிரி விரலிடுக்கில் தேய்த்து, கண்ணை மூடி மோந்து பார்த்து, "இன்னும் மக்கலை" என்றார். சகலை பேங்க் கேஷியராக இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்குத் தெரிந்து அவர் மண்ணில் கை வைத்தது வீட்டுக்குப் பூமி பூஜை போட்ட அன்று மட்டும்தான்.

அவரைச் சொல்லி என்ன? அடுத்த வீட்டு எருவைக் கண்டால் நம் யாருக்கும் கை சும்மா இருப்பதில்லை. மீட்டர் பார்க்க வந்தவர் அட்டையில் எழுதிய கையோடு குனிந்து மோந்துவிட்டு, "ஆட்டுப் புழுக்கைதான் சார் உடனே பிடிக்கும்" என்றார். எதிர்வீட்டம்மா மோக்காமலேயே, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி வேப்பம்புண்ணாக்கு கலக்கச் சொன்னார். கேஸ் சிலிண்டர் போடும் பையனுக்கு மீசையே இப்போதுதான் முளைக்கிறது. அவனும் ஒரு சிட்டிகை.

மோந்த மறுநிமிஷம் தாத்தா வருவார். யாருடைய தாத்தாவும் இரண்டு மாடு வைத்திருந்ததாகச் சரித்திரமே இல்லை. நாற்பது உருப்படிக்குக் குறைவாகப் பேசமாட்டார்கள். எனக்குத் தெரிந்தவர்களின் தாத்தாக்கள் வைத்திருந்த மாடுகளை மட்டும் கூட்டினாலே பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் மனுஷன் நிற்க இடம் இருந்திருக்காது. அந்த நாற்பது மாட்டின் சாணத்தையும் குழியில் கொட்டி, மேலே மண் போட்டு மூடி, மறுவருஷம் வெட்டினால் எரு கன்னங்கரேலென்று, கையில் ஒட்டாமல், வாசனையே இல்லாமல் இருக்குமாம். வாசனை இல்லாத வஸ்துவை ஏன் ஐயா இத்தனை பேர் மோக்கிறீர்கள்?

வள்ளுவரே இதில் இரண்டு கட்சி. ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறார் 1037-ல். 1038-ல், உழுவதைவிட எருப் போடுவதே நல்லது என்கிறார். இரண்டு குறளுக்கும் நடுவில் அவர் வீட்டுக்கும் ஒரு சகலை வந்துபோயிருக்க வேண்டும்.

மக்காத எருவைப் போட்டால் சூட்டில் நாற்று கருகும், களை மண்டும், விரல் தடிமனில் வெள்ளைப் புழு நெளியும். எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் பால்காரரிடம் கேட்டு வாங்கினேன். "நல்லா மக்கினது சார்" என்றார். மூட்டையைக் கொட்டினால் ஷாம்பு பாக்கெட், கேரி பேக், குழந்தைகள் தலைக்குக் குத்தும் பிளாஸ்டிக் கிளிப், கத்தரித்துப் போட்ட பால் பாக்கெட் மூலை. இதெல்லாம் எந்தக் காலத்தில் மக்கும் என்று ஒரு நிபுணரும் மோந்து சொல்லவில்லை.

இத்தனைக்கும் விஷயம் பெரிதில்லை. கத்திரிக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் போடச் சொல்கிறார்கள். சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. பத்தடிக்குப் பத்தடி இருக்கும் என் கொல்லைக்கு 23 கிலோ போதும். ஒரே ஒரு மூட்டை. அதைக் கொத்திவிட்ட மண்ணில் எப்படிக் கலப்பது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்குள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம். என் வீட்டுக் கொல்லையில் துர்நாற்றம் என்று புகாராம். கொடுத்தவர் மாடிவீட்டுக்காரர். சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாவற்றையும் நீல டிரம்மில் ஊறப்போட்டுப் பஞ்சகவ்யம் என்று காலையும் மாலையும் கலக்குகிறாரே, அவரேதான். விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் வந்து மோந்து பார்ப்பார்களாம்.