அக்சியோவுக்கு ஒரு காம்பரா

கொட்டகலையில் வண்டியை எங்கே விடுவது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பெரட்டுக்களத்தில் விடலாம். கொழுந்து லொறி வரும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மடுவத்துக்குப் பக்கத்தில் விடலாம். கோயில் வாசலில் விட்டாலும், திருவிழாக் காலம் தவிர, அம்மன் ஒன்றும் சொல்வதில்லை. தொல்லை வேறு பக்கமிருந்து வரும். லயத்து வாசலில் கார் வந்து நின்றால் கல்யாணம், கருமாதி, கட்டுநாயக்க விமான நிலையம், இந்த மூன்றில் ஒன்று. எது என்று தெரியாமல் தொங்கல் வீட்டுக் கிழவி உட்பட ஒருவரும் உள்ளே போகமாட்டார்கள்.

எங்களுடையது கல்யாணம். மச்சான் மகளுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம். தாலியும் சேலையும் அட்டனிலேயே கிடைக்கும், கண்டியில் இன்னும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மாமியாருக்குத் தாலி எடுத்தது கொழும்பு செட்டியார் தெருவிலாம். அதனால் பேத்திக்கும் அங்கேதான் எடுக்க வேண்டுமாம். ரயிலில் போகலாமே என்றேன். கொட்டகலை ஸ்டேசனில் ஏறி, சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் கோட்டை வந்துவிடும். "பவுனோட ரயில்ல வாறதா?" என்றார் மச்சான். மாமியாரின் முழங்காலும் அவர் பக்கம்தான் நின்றது.

சொந்தக் கார் என்ற பேச்சை எங்கள் பக்கத்தில் எப்போதோ விட்டுவிட்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் மறுபடி கப்பலேற 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் இலங்கையில் இருந்த கார்களுக்கெல்லாம் வயது ஏற ஏற மதிப்பும் ஏறியது. மனுசருக்கு அந்த யோகம் கிடையாது. ஆகவே ரென்டுக்கு எடுப்பது என்று முடிவாயிற்று.

கார்காரரிடம் முதலில் போனவர் மச்சான்தான். அடையாள அட்டை, லைசன்ஸ், முற்பணம் எல்லாம் இருந்தன. "கரண்ட் பில் ஒன்னு வேணும், ஒங்க பேருல" என்றார் அவர். மச்சான் பிறந்தது, வளர்ந்தது, பிள்ளை பெற்றது, இப்போது சம்பந்தம் பேசியது எல்லாமே ஒரே லயத்தில். கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும். தான் இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நான் டவுன் பக்கம் குடியிருக்கிற வாத்தியார். பில் என் பேரில் வருகிறது, பழைய பாக்கியோடு வந்தாலும் வருகிறது. அதைக் காட்டி ஒரு டொயோட்டா அக்சியோவை எடுத்தோம்.

நாளுக்கு 100 கிலோமீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் காசு. கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டை என்று இறங்கி, அவிசாவளையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அந்த 100 தீர்ந்துவிடும். மிச்ச வழியும் திரும்பி வருகிற முழு வழியும் உபரிக் கணக்கு. கார்காரர் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் போனில் படம் பிடித்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. கடைசியாக, "ஜிபிஎஸ் பூட்டியிருக்கேன் சேர், பயப்படாதீங்க" என்றார். யாரைப் பயப்பட வேண்டாம் என்றார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வளைவுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பொலித்தீன் பைகள் போதுமான அளவு இருந்தன.

கொட்டாவைக்குப் பக்கத்தில் மாகும்புர என்று ஓர் இடம் உண்டு. காலி, மாத்தறைப் பக்கம் அதிவேக வீதியால் போகிற பஸ்கள் புறப்படும் பெரிய நிலையம். காரை அங்கேயே விட்டுவிட்டு நகரத்துக்குள் பஸ்ஸில் போகட்டும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். களனிவெளி ரயில் பாதையும் பக்கத்தில்தான். எனக்குத் தெரிந்து, கொழும்புக்கு வரும் வெளியூர்க்காரரைப் பற்றி அரசாங்கம் யோசித்த அருமையான யோசனைகளில் அது ஒன்று. இறங்கலாமா என்று கேட்டேன்.

"காசக் குடுத்து காரு எடுத்துட்டு, பஸ்ஸுல போகவா மாப்பிள?" என்றார் மாமியார்.

உலகத்தில் எந்தப் போக்குவரத்து நிபுணருக்கும் இதற்குப் பதில் தெரியாது. கார் நேரே போயிற்று.

புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் ஒல்லாந்தர் காலத்துச் சதுரக் கட்டங்கள். மாட்டு வண்டிக்கு அளந்த அகலத்தில் இப்போது லொறி, ஆட்டோ, கைவண்டி, தலையில் மூட்டையோடு நாட்டாமிமார், குடை விற்பவர், குடை வாங்கலாமா என்று யோசிப்பவர், எல்லோரும் போகிறார்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909 இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலை வெளிநாட்டுக்காரர்கள் நின்று படம் பிடிக்கிறார்கள். நாங்கள் அதை நிற்காமலேயே பல கோணங்களில் பார்த்தோம். மூன்றாம் தரம் அதைக் கடந்தபோது போன் அடித்தது.

"சேர், வண்டி ஒரே எடத்தையே சுத்திக்கிட்டு இருக்கு. கோயில் கும்பிடுறீங்களா?"

நிறுத்த இடம் தேடுகிறோம் என்றேன். நிறுத்தக்கூடாத இடத்தில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொலிஸ்காரர் தண்டச்சீட்டு எழுதினால் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு 14 நாளுக்கு ஒரு காகிதம் தருவார். காசைத் தபால் கந்தோரில் கட்டலாம், அது கொட்டகலையிலும் இருக்கிறது. லைசன்ஸ் இருப்பது கொழும்பு பொலிசில். அதை வாங்க மறுபடி கொழும்புக்கு வர வேண்டும். வந்தால் நிறுத்த இடம் வேண்டும். இப்போது அபராதத்தைப் போனிலேயே கட்டுகிற ஏற்பாடு வந்திருக்கிறது என்கிறார்கள். மலையேறி வாழ்கிறவர்களின் வயிற்றில் பால் வார்த்த ஏற்பாடு.

செட்டியார் தெருவில் நிற்க நிரந்தர இடம் உள்ள வண்டி ஒன்றுதான், அது முருகனுடைய தேர். ஆடிவேலுக்கு வெளியே வந்து, பம்பலப்பிட்டி வரை போய், மரியாதையாகத் தன் இடத்துக்கே திரும்பிவிடும். மற்ற வண்டிகளுக்கெல்லாம் நடைபாதை ஓரம், கடைக்காரர் விடுகிற பார்வை, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு.

கடைசியில் கொட்டாஞ்சேனைப் பக்கம், மணிக்கணக்கில் காசு வாங்குகிற இடம் ஒன்று கிடைத்தது. கையில் சின்ன மெசினோடு ஒரு பையன் வந்து சீட்டு நீட்டினான். மாமியாரின் முழங்காலுக்கு அங்கிருந்து நகைக் கடை வெகு தூரம். ஆட்டோ பிடித்தோம். ஆக, கார் ஓரிடத்தில் சும்மா நிற்பதற்கு மணிக் கணக்கு, அதன் சொந்தக்காரருக்கு நாள் கணக்கு, எங்களுக்கு மீற்றர் கணக்கு. கணக்குப்பிள்ளை பரம்பரையில் வந்த மச்சானே பாதியில் கூட்டுவதை நிறுத்திவிட்டார். வீட்டிலிருந்து வட்சப் வீடியோவில் சேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் சம்சாரத்துக்கு மட்டும் எந்தச் செலவும் இல்லை. அவர்தான் எல்லாச் சேலையையும் வேண்டாம் என்றார்.

நிறுத்துவதற்குக் காசு வாங்கும் புத்தி புதிதல்ல. அமெரிக்காவில் ஒக்லஹோமா நகரத்தில் 1935 ஜூலையிலேயே தெருவோரத்தில் மீற்றர் நட்டுவிட்டார்கள். பிறகு டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் இந்த ஒரே விஷயத்துக்காகத் தடித்த புத்தகம் ஒன்றை 2005 இல் வெளியிட்டார். கார் தன் ஆயுளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நேரம் நின்றுகொண்டேதான் இருக்கிறது என்பது அவர் சொல்லிச் சொல்லிப் பிரபலமாக்கிய கணக்கு. அந்தப் பங்கு முழுவதையும் ஒரே நாளில் கொழும்பில் கழிக்க வேண்டியிருந்ததுதான் எங்கள் அக்சியோவின் தலைவிதி.

ஆனால் என்னை உண்மையில் உறுத்தியது ஜப்பான்காரன் கணக்கு. அங்கே 1962 இல் ஒரு சட்டம் போட்டார்கள். வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று பொலிசில் அத்தாட்சி வாங்கினால்தான் இப்படிப்பட்ட காரை நகரத்தில் பதிய முடியும். நாங்கள் எடுத்த அக்சியோ ஜப்பானில் ஓடிவிட்டு வந்தது. அதாவது அது பிறந்த ஊரில் அதற்குக் காணி இருந்திருக்கும், காகிதமும் இருந்திருக்கும். மச்சானுக்கு இரண்டும் இல்லை. அக்சியோவின் நீளம் 14 அடிக்கு மேல். லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. எங்கள் ஆட்கள் ஒரு குடும்பமாக, சில சமயம் இரண்டு குடும்பமாக, படுத்தெழும்புகிற இடத்தில் இந்தக் காரைப் படுக்க வைத்தால் அதற்குக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

நிறுத்த இடம் கேட்டு அலைவதில் எங்களுக்கு அனுபவம் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து, எங்கள் ஆட்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை எங்கே விடுவது என்று ஒப்பந்தம் எழுதினார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, அந்தப் பக்கம்; 3 இலட்சம் இலங்கைக்கு, இந்தப் பக்கம். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேருக்கு அன்றைக்கு இடம் கிடைக்கவில்லை, பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். 1974 இல் இந்திரா காந்தியும் அம்மையாரும் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கும்வரை பத்து வருஷம் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார்கள். மாமியாரின் அண்ணன் குடும்பம் அந்தப் பக்கம் போய்க் கூடலூரில் நின்றது. மாமியார் இந்தப் பக்கம். புறக்கோட்டையில் கொஞ்ச நேரம் சுற்றியதற்கு நான் அலுத்துக்கொண்டபோது அவர் ஒன்றுமே பேசாமல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார்.

தாலி எடுத்தாயிற்று. அடுத்தது வெள்ளவத்தை. கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பில், என் மனைவியின் சின்னம்மா இருக்கிறார். கொழும்புக்கு வந்து சின்னம்மாவைப் பார்க்காமல் போனால் கல்யாணத்துக்கு வரமாட்டார். வந்தால் மூன்று நாள் போகமாட்டார். இரண்டில் எது நல்லது என்று எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. போனோம்.

கேட்டில் சீருடை போட்ட பையன் கையைக் காட்டித் தடுத்தான். பார்க்கிங் வீட்டுக்காரர்களுக்கு மட்டுமாம். முதலில் சிங்களத்தில் சொன்னான், பிறகு கொழும்புத் தமிழில் சொன்னான். மச்சான் கண்ணாடியை இறக்கி, "கொஞ்ச நேரம்தான் தம்பி, தூரத்துல இருந்து வாறோம்" என்றார். பையனின் முகம் மாறிவிட்டது. அந்த இரண்டு வரியில் என்ன கேட்டதோ.

"எந்தத் தோட்டம்ணே?"

மச்சான் சொன்னார். பையனுக்குப் பத்தனைப் பக்கம். அவனுடைய பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது எங்கள் டிவிசனில். மேல் லயமா, கீழ் லயமா, பீலிக்குப் பக்கத்து வீடா என்று இரண்டு பேரும் ஒரு மலையையே அளந்து முடித்தபோது கேட் திறந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒரு வீட்டுக்காரரின் இடத்தில், நிழலில், அக்சியோ நின்றது. பணம் கேட்கவில்லை, சீட்டும் தரவில்லை. ஜப்பானை விட்டு வந்த பிறகு அதற்குக் கிடைத்த முதல் மரியாதை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போதுதான் கொழும்பின் உண்மையான வாகனத் தரிப்பிட நிர்வாகம் யார் கையில் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. மாநகர சபை கையில் இருப்பது சீட்டுப் புத்தகம்தான். கேட்டுச் சாவி பத்தனைப் பையனிடம். புடவைக் கடையின் பின்பக்கத்து முற்றம் மஸ்கெலியாப் பையன் பொறுப்பு. புறக்கோட்டையில் சாப்பாட்டுக் கடைக்கு மரக்கறி இறக்குகிற சந்து நோர்வூட் பையனுடையது. "அடுத்த முறை பெட்டாவுக்குப் போறதுன்னா சுத்தாதீங்க சேர், எனக்கு ஒரு கோல் குடுங்க" என்றான் கேட் பையன். கொழும்பில் ஓரங்குல நிலம்கூட இல்லாத பையன்கள் கொழும்பின் அத்தனை ஓரங்களையும் காவல் காக்கிறார்கள். அவர்களுக்கு இரவில் படுக்க எங்கே இடம் என்று கேட்டேன். "இங்கதான் சேர், மீட்டர் பெட்டிக்குப் பின்னால" என்றான். கரண்ட் பில்லுக்கு மிகப் பக்கத்தில் படுக்கிறவன் அவன்தான், பேர் மட்டும் அதில் வராது.

சின்னம்மா வீட்டுத் தேத்தண்ணி முடிந்து இறங்கியபோது பையன் காருக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"டிக்கியில எடம் இருக்கா சேர்?"

இருந்தது. இல்லை என்று சொல்லக்கூடிய நிலையில் நாங்கள் இல்லை. அம்மாவுக்கு ஒரு ரைஸ் குக்கர், தங்கச்சிக்குப் புத்தகப் பை, அப்பாவுக்குச் சுவர் மணிக்கூடு, ஒரு மூட்டை உடுப்பு. மணிக்கூடு டிக்கியில் உடைந்துவிடும் என்று மாமியார் மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து மாடியில் நிற்கிற இன்னொரு பையனும் ஓடிவந்து, தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் கொடுத்தால் போதும் என்று ஒரு பெட்டியைத் திணித்தான். என்ன பெட்டி என்று கேட்க அவகாசமில்லை, கனம் மட்டும் தெரிந்தது.

கித்துல்கலைக்கு மேலே ஏற்றம் தொடங்கியதும் போன் அடித்தது.

"சேர், வண்டி மெதுவா ஏறுது. பாரம் ஏத்தியிருக்கீங்களா?"

மணிக்கூடு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. திட்டப் போகிறார் என்று ஸ்பீக்கரில் போட்டேன், திட்டை எல்லோரும் சமமாக வாங்கிக்கொள்ளலாம் என்று.

"பின் சீட்டுல ஒரு எடம் இருக்கும்ல? நம்ம தங்கச்சி கினிகத்தேனை சந்தியில பஸ் இல்லாம நிக்கிது. நீங்க வர இன்னும் பத்து நிமிசம்னு மெப்புல காட்டுது. ஏத்திக்கிட்டு வாங்க சேர். அங்கேருந்து அட்டன் வரைக்கும் கிலோமீட்டர் கணக்கு எடுக்க மாட்டேன்."

மாமியார் மணிக்கூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன் சீட்டுப் பக்கம் குனிந்தார்.

"ஒத்துக்காதீங்க மாப்பிள. அவிசாவளையில இருந்து கழிக்கச் சொல்லுங்க."