தூங்காத துணை

பிட்யூட்டரி சுரப்பியே, நீ இருப்பதே பட்டாணி அளவு. எடை அரை கிராம்தான். மூக்கின் வேருக்குப் பின்னால், மூளைக்கு அடியில், எலும்புக் குழிக்குள் அமர்ந்திருக்கிறாய். முள்ளிப்பட்டில் என் மாமாவும் குழிக்குள்தான் அமர்ந்திருக்கிறார், நாற்பது வருஷமாகத் தறிக்குழியில். உழைப்பில் உங்கள் இருவரையும் யாரும் குறை சொல்ல முடியாது.

ஓர் ஐப்பசி மழையில் அந்தக் குழிக்குள் பாம்பு புகுந்துவிட்டது. மிதியில் இருந்த காலுக்குப் பக்கத்திலேயே நெளிந்தது. மாமா துள்ளி மேலே ஏறியது நரம்பும் அட்ரினலினும் செய்த வேலை. அடுத்த சில நிமிடங்கள் உன்னுடையவை. மூளையின் ஹைப்போதலாமஸ் சேதி அனுப்பியதும் ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விட்டாய். சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலைச் சுரந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியது, உடம்பு தெம்பாக நின்றது. பாம்பு போனபின், போதும் என்று கார்டிசாலே திரும்பி வந்து சொன்னது. அடங்கிவிட்டாய். அன்று உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதே விசுவாசத்தை இந்த ஐப்பசியிலும் காட்டுகிறாய். தீபாவளிக்குள் சேலையை அறுத்துக் கொடுக்க வேண்டும். ஈரக்காற்றில் பாவு இழை இழையாக அறுகிறது. வாங்கிய முன்பணம் கூலியில் கழிந்தபாடில்லை. செல்போன் அடிக்கும்போதெல்லாம் நீ எழுந்துவிடுகிறாய். பாம்புக்கு எவ்வளவு அக்கறையோ அவ்வளவு அக்கறை பாக்கிக்கும்! 1936இல் ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே எலிகளிடம் கண்டதும் இதுதான்: குளிரோ, காயமோ, நஞ்சோ, உடம்பு ஒரே மாதிரி பதில் சொன்னது, அட்ரீனல் வீங்கியிருந்தது.

ஓடுவதற்காக நீ ஏற்றித் தரும் சர்க்கரையை, உட்கார்ந்தே இருக்கும் மனிதர் எங்கே செலவழிப்பார்? விரலில் பட்டிழை அறுத்த காயம் ஆற மாட்டேன் என்கிறது. கார்டிசால் நெடுநாள் மிகுந்திருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், தூக்கமும் கெடும். நீ கொடுப்பதில் ஒருநாளும் கஞ்சத்தனம் பண்ணியதில்லை. பாம்பு போய்விட்டது என்று சொல்ல ஒருவரும் வராததால், நிறுத்தத்தான் உனக்கு வழியில்லை.

நேற்று ராத்திரி 2 மணிக்கு மாமா சாம்பலைத் தொட்டுத் தொட்டு அறுந்த இழைகளை முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தார். தெருவே தூங்கிவிட்டது. நீ மட்டும் அவரோடு விழித்திருந்தாய்.