கீல் ஏன் கழன்றது?

கேள்வி: எங்கள் இரும்பு கேட்டின் கீல் வெல்டிங் இரண்டாவது முறையாக விட்டுவிட்டது. இன்னும் தடிமனாகப் பற்றவைக்கச் சொல்லலாமா?

பதில்: தடிமனை விடுங்கள், ஆழத்தைக் கேளுங்கள். மேலே குவிந்து, அடியில் ஒட்டாமல் நிற்கும் வெல்டிங் பார்வைக்குத்தான் பயில்வான். கீலின் பட்டையை ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்தால் கேட்டின் எடையே வெல்டிங்கைப் பிளந்துவிடும். இரு பக்கமும் பற்றவைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் பெயின்டும் துருவும் போய் இரும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். 6 மி.மீ. தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்ப்பதானால் சாய்வாகச் சீவி, 2 மி.மீ. இடைவெளி விட்டால்தான் உருகிய உலோகம் அடிவரை இறங்கும். மூலை வெல்டிங்கில் பக்கத்துக்கு 6 மி.மீ. படிந்தாலும் சுமை தாங்கும் கனம் சுமார் 4.2 மி.மீ.தான். அழகுக்காக அதையும் கிரைண்டரில் வழித்தால் கேட் பளபளக்கும், கீல் கையோடு வரும்.