அடுத்த பாகத்தார்

அவர் முன்னால் ஒரு நாவலைக் குறை சொல்ல முடியாது. நாவல் நன்றாக இருப்பதால் அல்ல, மூன்று பாகமாக இருப்பதால். மாயமும் வாளும் மந்திரப் பள்ளியும் நிறைந்த முதல் பாகத்தின் அறுநூறு பக்கங்களையும் கண்விழித்துப் படித்துவிட்டு வந்து, "நடுவுல கொஞ்சம் இழுக்குது சார்" என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும். அவருடைய வலது கை போக்குவரத்துக் காவலர் கணக்காக உயர்ந்துவிடும்.

"அது அடுத்த பாகத்துல வரும்."

இழுவை எப்படி அடுத்த பாகத்தில் வரும் என்று கேட்கக் கூடாது. கேட்டால், "இழுக்குதுன்னு உனக்குத் தோணுது பாரு, அது ஏன்னு அடுத்த பாகத்துல தெரியும்" என்பார். கதாநாயகி சரியில்லை? அடுத்த பாகத்தில் சரியாவாள். வில்லன் முந்நூறு பக்கமாக ஆளையே காணோம்? அடுத்த பாகம். முடிவு அந்தரத்தில் தொங்குகிறது? அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்துவிட்டு, "தொங்கினாத்தானே அடுத்த பாகம்" என்பார். அச்சுப்பிழை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தவர் யாரும் இதுவரை இல்லை. சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் என்ற பயம்தான்.

அவருடைய உச்சகட்ட ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் பேட்ரிக் ராத்ஃபஸின் 'தி நேம் ஆஃப் த விண்ட்' பற்றிப் பேச்சை எடுக்க வேண்டும். 2007-ல் வந்த அமெரிக்க நாவல். க்வோத் என்ற மாவீரன் பெயரை மாற்றிக்கொண்டு ஒரு குக்கிராமத்தில் விடுதி நடத்துகிறான். அவனைத் தேடி ஓர் எழுத்தர் வருகிறார். மூன்று நாள் உட்கார்ந்து என் கதையைச் சொல்கிறேன் என்கிறான் க்வோத். நாளுக்கு ஒரு பாகம், மொத்தம் மூன்று. கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு!

இந்தப் புத்தகம் பிடித்தவர்களுக்கு உயிர். மந்திரத்தைக் கிட்டத்தட்டப் பௌதிகப் பாடம் மாதிரி, சக்தி எங்கிருந்து வருகிறது, வழியில் எவ்வளவு வீணாகிறது என்று கணக்கோடு எழுதியிருக்கிறார் ராத்ஃபஸ். அனாதையான பையன் டார்பியன் நகரத் தெருக்களில் மூன்று வருடம் பிச்சையும் திருட்டுமாகப் பிழைக்கும் பகுதியைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்காமல் போனவர்கள் உண்டு. நடையழகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிடிக்காதவர்களிடமும் நியாயமான பட்டியல் இருக்கிறது. பையனுக்குப் பதினைந்து வயது. கட்டணம் வாங்க வேண்டிய பல்கலைக்கழகம் தானே பணம் கொடுத்து அவனைச் சேர்த்துக்கொள்கிறது. பாட்டு, படிப்பு, வாய்த்துடுக்கு எல்லாவற்றிலும் அவனே முதல். கையில் காசு மட்டும் நிற்காது. வாசகர் பக்கம் பக்கமாக அவனோடு சேர்ந்து கடன் கணக்குப் பார்க்க வேண்டும். டென்னா என்ற பெண் வருவாள், போவாள், வருவாள், காரணம் சொல்லாமல் போவாள். பெற்றோரைக் கொன்றவர்களைத் தேடுவான் என்று காத்திருந்தால், கடைசிப் பகுதியில் தாவரம் தின்று நெருப்புக் கக்கும் ஒரு ராட்சதப் பல்லி வந்து ட்ரெபான் என்ற ஊரைக் கொளுத்திவிட்டுப் போகிறது. நல்ல பல்லிதான். ஆனால் கேட்டது அதையல்ல.

இதைச் சொன்னால் அடுத்த பாகத்தாரின் முகம் மலர்கிறது. இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் நகர்ந்து உட்காருவார். "எல்லாத்துலயும் முதல்னு சொல்றானே, சொல்றது யாரு? அவனே! பொய் சொல்றானா இல்லையான்னு நீ எப்படிச் சொல்லுவே? மூணாம் பாகத்துலதான் தெரியும்." டென்னாவா? அவளை ஆதரிக்கும் புரவலர் யார் என்று தெரிந்தால் அவள் ஏன் ஓடுகிறாள் என்று புரியும். அது மூணாம் பாகம். பல்கலைக்கழக நூலகத்தில் திறக்கவே திறக்காத ஒரு கதவு. விடுதி மாடியில் மூன்று பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. எல்லாம் மூணாம் பாகம். தொடருக்குப் பெயரே அரசனைக் கொன்றவன் வரலாறு. இரண்டு பாகம் முடிந்தும் எந்த அரசன், ஏன் கொன்றது என்று வெளிச்சமில்லை. அதுவும், சந்தேகமென்ன, மூணாம் பாகம்.

மூன்றாம் பாகம் இன்னும் வரவில்லை. இரண்டாவது 2011-ல் வந்தது. அதை வாங்கியபோது பள்ளியில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது.

அடுத்த பாகத்தார் வைத்திருக்கும் முதல் பாகத்தை ஒருமுறை வாங்கிப் பார்க்க வேண்டும். பழுப்பு அட்டை போட்டு, மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டிருப்பார். உள்ளே ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு, ரயில்வே கால அட்டவணை எழுத்தில். கதையில் புதிர் வரும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி, பக்கத்தில் "பா. 2, ப." என்று எழுதி எண். சில இடங்களில் "பா. 3, ப." என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டு ஒரு கோடு. அந்தக் கோடுகள் புத்தகம் முழுக்க இருக்கின்றன. எண் வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம் என்று பென்சிலையும் முதுகட்டைக்குள் செருகியே வைத்திருக்கிறார்.

இவ்வளவு நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது? டோல்கினிடமிருந்துதான். இந்த வர்க்கத்தின் குலதெய்வம் அவர்.

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாக நாவலே அல்ல என்பது அடுத்த பாகத்தாருக்கு மிகப் பிடித்த தகவல். டோல்கின் எழுதியது ஒரே நாவல். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகிதம் விற்ற விலையில் அவ்வளவு பெரிய புத்தகத்தை ஒரே மூச்சில் அச்சடிக்கப் பதிப்பகத்துக்குத் துணிவில்லை. அதனால் மூன்றாக வெட்டி, 1954 ஜூலையில் முதலாவது, நவம்பரில் இரண்டாவது, 1955 அக்டோபரில் மூன்றாவது என்று வெளியிட்டார்கள். ஆகவே முதல் பாகத்தைப் படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்வது, சினிமாவில் இடைவேளையில் வெளியே வந்து விமர்சனம் எழுதுவதாம். இது அவர் வாதம். இடைவேளை வரை பார்த்தவருக்கு முறுக்கு வாங்கும்போது ஒரு வார்த்தை முணுமுணுக்கக்கூட உரிமை இல்லையா என்ன?

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவரை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். முதல் பாகத்தில் எல்லோரும் திட்டும் இடம் டாம் பாம்படில் வரும் அத்தியாயங்கள். மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு உயிர்ப் பயத்தில் ஓடுகிற ஹாபிட் என்னும் குள்ளர்களைத் தடுத்து நிறுத்தி, மஞ்சள் பூட்ஸ் போட்ட ஓர் ஆசாமி பாட்டுப் பாடுகிறார். சாப்பாடு போடுகிறார். மறுபடி பாடுகிறார். 2001-ல் படமெடுத்த பீட்டர் ஜாக்சன் அவரைச் சத்தமில்லாமல் வெட்டி எறிந்தார். பலர் நன்றியோடு பெருமூச்சு விட்டார்கள். அடுத்த பாகத்தார் மட்டும் விடவில்லை. பாம்படில் அந்த ஹாபிட்டுகளைச் சமாதி மேட்டுப் பேயிடமிருந்து மீட்டு, அங்கே கிடந்த பழங்காலக் கத்திகளை ஆளுக்கொன்று எடுத்துக் கொடுக்கிறார். படிக்கிறவர் அந்தக் கத்தியை அடுத்த பக்கத்திலேயே மறந்துவிடுவார். மூன்றாம் பாகத்தில், எந்த ஆண்மகனாலும் வீழ்த்த முடியாத நாஸ்குல் என்ற பேய்ப்படையின் தலைவனுடைய முழங்காலுக்குப் பின்னால் அந்த ஹாபிட்டுகளில் ஒருவனான மெர்ரி குத்துவது அதே கத்தியால்தான். அவனுடைய மாயத்தை உடைக்கவென்றே எப்போதோ அடித்த கத்தி அது.

இந்த இடத்தைச் சொல்லும்போது அவர் குரல் லேசாகக் கம்மும். பக்கத்தைத் திறக்காமலே பக்க எண் சொல்லுவார். கேட்கிறவருக்கும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். முப்பது வருடத்துக்கு முன்னால் ஜெயித்த ஒரே கேஸை வைத்து இன்னும் போர்டு மாட்டியிருக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவருக்கு அந்த ஒரு கத்தி.

"அப்ப பாம்படில் அடுத்த பாகத்துல வர்றாரா சார்?" என்று கேட்டால் மட்டும் சங்கடம். வருவதில்லை. கடைசியில் மந்திரவாதி கேண்டால்ஃப், அவரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிரிந்து போகிறார், அவ்வளவுதான். "அதுதான் அழகு" என்று அவசரமாக முடித்துவிடுவார்.

முழுக்கப் படித்துவிட்டுப் பேசு என்பதாவது அவருடைய உறுதியான கொள்கையா என்றால், அதுவும் இல்லை. எட்மண்ட் வில்சன் என்ற பெரிய அமெரிக்க விமர்சகர் மூன்று பாகத்தையும், ஏழு வயது மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டியே முடித்தவர். முடித்துவிட்டு 1956-ல் 'தி நேஷன்' இதழில் நார் நாராகக் கிழித்தார். அவரைப் பற்றிக் கேட்டால் அடுத்த பாகத்தார் சொல்வது: "வேகமாப் படிச்சிருப்பார்."

அமிஷின் 'மெலூஹா'வில் அவருக்கு அரை வெற்றி. 2010-ல் வந்த அந்த முதல் பாகத்தில் நாகர்கள் கொடியவர்கள். அது தப்பு என்று அடுத்த பாகத்தில் தெரிகிறது. அவர் மீசையை முறுக்கிக்கொண்டார். ஆனால் பல்லாயிரம் வருடத்துக்கு முந்தைய சிவன் ஏன் இந்தக் கால ஆபீஸ்காரர் போலப் பேசுகிறார் என்று கேட்டவர்களுக்கு மூன்று பாகம் முடிந்தும் பதில் இல்லை. அந்தத் தொடர் 2013-ல் சொன்னபடி முடிந்துபோனதும் அவருக்கு அதில் சுவாரசியம் குறைந்துவிட்டது. அடுத்த பாகம் இல்லாத கதையில் அவருக்கு என்ன வேலை?

காத்திருப்பது நம் வாசகர்களுக்குப் புதிதா? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-ல் தொடங்கி 1954-ல் முடிந்த தொடர்கதை. டோல்கினின் முதல் பாகம் வந்ததும் அதே வருடம்தான். வாரா வாரம் படிக்கிறவர் வாரா வாரம் அபிப்பிராயம் சொல்லுவார். கதை முடியட்டும் என்று மூன்றரை வருடம் வாயைக் கட்டிக்கொண்டு உட்காரமாட்டார். குந்தவை சொன்னது சரியா தப்பா என்று அந்த வாரமே சண்டை.

எரிச்சல் எங்கே வருகிறது என்றால், புகழ்கிறவரிடம் அவர் கையை உயர்த்துவதே இல்லை. "முதல் பாகம் பிரமாதம் சார்!" என்று ஒருவர் சொன்னால், பொறுங்கள், மூணாம் பாகத்தில் சொதப்பினாலும் சொதப்பலாம், அதற்குள் முடிவு கட்டாதீர்கள் என்று அவர் சொல்லிக் கேட்டவர் கிடையாது. தோளில் தட்டிக் காபி வாங்கிக் கொடுப்பார். பாராட்டுக்கு முதல் பாகம் போதும். குறைக்கு மட்டும் மூன்றும் வேண்டும். இது என்ன நியாயம்? ஐந்நூறு ரூபாய் போட்டு வாங்கி, ஒரு வாரத் தூக்கத்தைக் கொடுத்துப் படித்தது இந்தப் புத்தகத்தை. டென்னா சலிப்பூட்டினாள் என்றால் சலிப்பூட்டினாள். எதிர்காலத்தில் யாரோ எழுதப்போகிற ஒரு பக்கம் அந்த ஒரு வாரத்தைத் திருப்பித் தருமா? முதல் பாகத்துக்கென்று தனி அட்டை, தனி விலை, தனிப் பரிசெல்லாம் உண்டு என்றால் தனித் திட்டும் உண்டு.

பரிசு என்றதும் அவர் குறுக்கே வருவார். ராத்ஃபஸுக்கு 2002-ல் புதிய எழுத்தாளர்களுக்கான போட்டியில் பரிசு கிடைத்தது இந்த முதல் பாகத்துக்கு அல்ல. பின்னால் இரண்டாம் பாகத்தில் சேர்ந்த ஒரு பகுதிக்கு. உண்மைதான். "பாத்தியா? அப்பவே அடுத்த பாகம்!"

புத்தகத்தை யார் கேட்டாலும் கொடுப்பார், அந்தத் தாராளம் அவரிடம் உண்டு. முதல் பாகம் மட்டும் இரண்டு பிரதி வைத்திருக்கிறார், கொடுப்பதற்கென்றே. இரண்டாம் பாகம் எப்போதும் வேறு யாரிடமாவது இருக்கும். அவர் கொடுத்துத்தான் அந்தப் பேட்டையில் பாதிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடி தடியாகப் படிக்கத் தொடங்கின. போன மாதம் அப்படி வாங்கிப்போன ஒரு கல்லூரிப் பெண் நாலே நாளில் முடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். குறை ஒன்றும் சொல்லவில்லை. கை உயரத் தயாராக இருந்தும் அதற்கு வேலை வரவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு அங்கிள். ரெண்டாவதும் படிச்சாச்சு. மூணாவது எப்ப வரும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகத்தை வாங்கி, பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அவள் கையிலேயே திணித்தார்.

"முதல் பாகத்தை இன்னொரு தடவை படிம்மா. அவசரப்பட்டுட்டே."